தையல்சிட்டும் ஒரு காய்ந்த இலையும்

எட்டயபுரம் என்றதும் பாரதி, உமறுப் புலவர், முத்துசுவாமி தீட்சிதர் என்று மூன்று பெயர்களைச் சொல்வார்கள். அந்த மூவரைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று நான் எழுத வந்தது எங்கள் வீட்டுப் புறவாசலில், கிணற்றடி மஞ்சணத்தியில் குடியிருக்கும் ஒரு குருவியைப் பற்றி. எடை பத்து கிராமுக்குள். ஆனால் அதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரம் நம் தூத்துக்குடிக் கடற்கரை வழியாகத்தான் போகிறது.

கேள்வியைத் தொடங்கி வைத்தது என் பேத்தி. அவள் அமெரிக்காவில் சான் டியாகோவில் படிக்கிறாள். போன மாதம் பள்ளியில் ஒரு புதர்க்காட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கே சாம்பல் நிறத்தில் சின்னதாக ஒரு குருவி, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு, பூனைக்குட்டி மாதிரிக் கத்தியதாம். ஆங்கிலத்தில் அதற்கு 'நாட்கேச்சர்' என்று பெயர். நம் பேச்சில் சொன்னால் கொசுகு பிடிப்பான். பூச்சிதான் அதன் சாப்பாடு. புதர்க்காடுகள் வீட்டு மனைகளாக மாறியதால் அந்தக் குருவி குறைந்துபோய், 1993-ல் அமெரிக்க அரசு அதை அழிவின் விளிம்பை நெருங்கும் இனம் என்று பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகு அந்தப் பக்கம் வீடு கட்ட வேண்டும் என்றால் முதலில் அந்தக் குருவி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆறு கிராம் எடை, பெரிய பெரிய கட்டடக் கம்பெனிகளை நிறுத்தி வைக்கிறது.

"தாத்தா, இந்தக் குருவி உங்க ஊர்ல இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. அந்தக் குடும்பம் முழுவதுமே அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் வாழ்வது. ஆனால் அவள் சொன்ன அடையாளங்களைக் கேட்டதும் எனக்கு எங்கள் கிணற்றடிதான் நினைவுக்கு வந்தது. அதே உருவம், அதே தூக்கிய வால், அதே பூச்சிச் சாப்பாடு, உருவத்துக்குப் பொருந்தாத பெரிய குரல். நம் தையல்சிட்டு. ஒரு காலத்தில் பறவை நூல்களும் இந்த இரண்டையும் ஒரே பெரிய குடும்பத்தில்தான் வைத்திருந்தன. பிறகு மரபணு ஆராய்ச்சி வந்து பிரித்துவிட்டது. இன்று தையல்சிட்டு, வயலில் திரியும் கதிர்க்குருவிகளோடு சேர்ந்திருக்கிறது. கொசுகு பிடிப்பான்கள் தனிக் குடும்பம். ஆக என் பேத்தியின் குருவியும் என் குருவியும் முன்னாள் சொந்தக்காரர்கள்.

தையல்சிட்டைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. பார்த்தும் பெயர் தெரியாதவர்கள் அதிகம். நெற்றியில் செம்பழுப்பு, முதுகு பச்சை, வயிறு வெள்ளை. இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு வாலின் நடு இறகு இரண்டும் ஊசி போல நீண்டிருக்கும். செடிக்குள்ளேயே தாவித் தாவிப் புழு பொறுக்கும். அகலமான இலையை வளைத்து, ஓரங்களில் அலகால் துளை போட்டு, பஞ்சாலும் சிலந்தி நூலாலும் சேர்த்துத் தைத்து, உள்ளே மெத்தை போட்டு மூன்று நான்கு முட்டை இடும். பெரும்பாலும் தைக்கிற வேலை பெட்டையுடையது.

இனி சரித்திரத்துக்கு வருகிறேன்.

1658-ல் டச்சுக்காரர்கள், நம் பெரியவர்கள் சொல்லும் ஒல்லாந்தர், தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். அவர்களுக்கு வேண்டியது முத்து, சங்கு, அதற்கும் மேலே துணி. எங்கள் கரிசல் மண்ணில் விளைந்த பருத்தி, நூலாகவும் துணியாகவும் மாறி அந்தத் துறைமுகத்துக்குப் போனது. எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 50 கிலோமீட்டர். அந்தக் கம்பெனியின் முத்திரையில் வி, ஓ, சி என்ற மூன்று எழுத்துகள் இருக்கும். அதே மூன்று எழுத்தில் பெயர் கொண்ட ஒட்டப்பிடாரத்துக்காரர் ஒருவர் பிற்காலத்தில் அதே தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சுதேசிக் கப்பல் விட்டார் என்பது சரித்திரம் செய்த வேடிக்கை.

தூத்துக்குடி டச்சுக்காரர்களுக்குத் தனி ராஜ்ஜியம் அல்ல. கொழும்பில் இருந்த இலங்கை ஆளுநரின் கீழ்தான் இந்தக் கரை இருந்தது. முத்துக்குளிப்புக் கணக்கும் துணிக் கணக்கும் கொழும்புக்குத்தான் போக வேண்டும். அந்தக் கொழும்பில் 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்தவர் யோவான் கிதியோன் லோட்டன்.

அந்த ஆண்டுகள் நம் சீமைக்குச் சாதாரணமானவை அல்ல. 1755-ல் கர்னல் ஹெரானின் படை திருநெல்வேலிப் பாளையங்களுக்குள் கப்பம் வசூலிக்க வந்தது. நெற்கட்டும்செவல் பூலித்தேவர் எதிர்த்து நின்றார். எட்டயபுரமும் அன்று ஒரு பாளையம்தான். கரையின் இந்தப் பக்கம் பீரங்கிச் சத்தம். கடலுக்கு அந்தப் பக்கம் ஆளுநர் லோட்டன், அலுவல் போக மீதி நேரத்தில், பறவைகளையும் செடிகொடிகளையும் படம் வரையச் சொல்லிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு வரைந்து கொடுத்தவர் பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெரே. இலங்கையிலேயே பிறந்தவர், கலப்பு வம்சத்தவர். ஐரோப்பாவிலிருந்து வந்த ஓவியர் பிணத்தைப் பார்த்து வரைந்தார் என்றால், இவர் வீட்டைச் சுற்றிக் கேட்ட குரலுக்குச் சொந்தக்காரரை வரைந்தார். இருவருக்கும் வித்தியாசம் உண்டு அல்லவா? ஆனால் உலகம் நினைவில் வைத்திருப்பது ஆளுநரின் பெயரைத்தான். நீண்டு வளைந்த அலகு கொண்ட ஒரு தேன்சிட்டுக்கு 1766-ல் லின்னேயஸ் லோட்டனின் பெயரையே சூட்டினார். அந்தத் தேன்சிட்டு நம் தோட்டங்களிலும் உண்டு. டி பெவெரே பெயரில் எந்தத் தேன்சிட்டும் பறப்பதாக நான் படித்ததில்லை.

லோட்டன் பதவி முடிந்து ஐரோப்பா திரும்பி, லண்டனில் போய்க் குடியிருந்தார். படங்களும் கூடவே போயின. அங்கே வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த தாமஸ் பென்னன்ட் என்ற பெரிய இயற்கை அறிஞர் அவற்றைப் பார்த்தார். 1769-ல் 'இந்திய விலங்கியல்' என்று ஒரு நூலைத் தொடங்கினார். அதில்தான் தையல்சிட்டு முதன்முறையாக அறிவியல் பெயருடன் அச்சேறியது. லத்தீனில் அவர் வைத்த பெயரின் பொருள் செருப்புத் தைப்பவர் என்பதற்குப் பக்கத்தில் வரும். இன்றும் அந்தப் பெயர் பாதி மாறாமல் நிற்கிறது.

பென்னன்ட் இந்தியாவுக்கோ இலங்கைக்கோ வந்தவர் அல்ல. அவர் எழுதிய விவரத்தில் ஒரு தவறு இருந்தது. இந்தக் குருவி ஒரு காய்ந்த இலையை எடுத்து வந்து, மரத்தில் இருக்கிற பச்சை இலையோடு சேர்த்துத் தைக்கிறது என்று எழுதிவிட்டார். அதைப் படித்தவர்கள் வியந்தார்கள். குருவி சருகைத் தூக்கிக்கொண்டு பறந்து வந்து தைக்கிறது என்றால் வியக்காமல் இருக்க முடியுமா?

உண்மையில் குருவி செடியில் இருக்கும் பச்சை இலையைத்தான், காம்போடு இருந்தபடியே வளைத்துத் தைக்கிறது. இலையின் மேற்பக்கம் வெளியே தெரியும்படி விடுகிறது. அப்போதுதான் பக்கத்து இலைகளுக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பாம்பும் பூனையும் காக்கையும் ஏமாறும். காய்ந்த இலை ஒட்டுப்போட்ட கூடு கண்ணில் பட்டுவிடும்.

இந்தத் தவறைப் பற்றி முதலில் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இதே தவறை நானும் செய்திருக்கிறேன். அதுவும் பென்னன்ட் மாதிரி தூரத்திலிருந்து அல்ல, செடிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. பள்ளியில் பொருட்காட்சி வைக்கப் போவதாகவும், ஆளுக்கொரு இயற்கைப் பொருள் கொண்டுவர வேண்டும் என்றும் வாத்தியார் சொல்லியிருந்தார். புறவாசல் மஞ்சணத்திக் கன்றில் தையல்சிட்டுக் கூடு இருந்தது எனக்கு மட்டும் தெரியும். காலையில் அம்மா பருத்தி எடுக்கக் காட்டுக்குப் போன பிறகு, கொப்போடு ஒடித்துக் கொண்டுபோய்விட்டேன். உள்ளே மூன்று முட்டை இருந்தது. வழியில் ஒன்று உடைந்தது. மீதி இரண்டையும் பஞ்சோடு வைத்தே மேசையில் வைத்தேன்.

எல்லோரும் என் மேசையைச் சுற்றித்தான் நின்றார்கள். பெருமையாக இருந்தது. மூன்று நாள் பொருட்காட்சி. வெயில் காலம். மூன்றாம் நாள் இலை சுருண்டு, பழுப்பாகி, கையில் எடுத்தால் நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்டது. அன்றைக்குப் பார்க்க வந்த பெரியவர் ஒருவர் குனிந்து பார்த்து, "பாத்தீங்களா, சருகைக்கூட வீணாக்காம வீடு கட்டியிருக்கு" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நான் திருத்தவில்லை. திருத்தினால், பச்சையாக இருந்ததை ஒடித்தது யார் என்று கேள்வி வரும்.

அம்மாவுக்கு முதல் நாள் சாயங்காலமே தெரிந்துவிட்டது. குருவி இரண்டும் ஒடிந்த கொப்பைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. அம்மா அடிக்கவில்லை. "ஏலே, தச்சுப் போட்ட துணிய உடம்புல இருந்து உருவிட்டு வந்து நிக்கிறியே" என்று மட்டும் சொன்னாள். பிறகு என்னோடு பேசவில்லை.

பொருட்காட்சி முடிந்து சருகாகிப்போன கூட்டோடு வீட்டுக்கு வந்தேன். பெரியவர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். அவள் ஆலிலை தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீடுகளுக்கு ஆலிலையை ஈர்க்கால் தைத்துச் சாப்பாட்டு இலை செய்து கொடுப்பது அப்போது எங்கள் தெருவில் பல பெண்களுக்கு உபதொழில். கையை நிறுத்தாமல் சொன்னாள்: "காஞ்ச இலைய எவடா தைப்பா? குத்துனா ஒடிஞ்சிரும்லா. பச்சையில தச்சாத்தான் மடங்கும். அந்தக் குருவிக்குத் தெரியாதா?"

பென்னன்டின் புத்தகத்தைப் பற்றிப் பல வருடங்கள் கழித்துப் படித்தபோது, அம்மா சொன்ன இந்த இரண்டு வரிதான் ஞாபகத்துக்கு வந்தது. பள்ளிக்கூடம் போகாத, எட்டயபுரம் எல்லையை அதிகம் தாண்டாத ஒருத்திக்கு, ஆலிலை தைத்த விரலுக்கு, தெரிந்திருந்த விஷயம். அதைக் கேட்டு எழுதத்தான் ஆள் இல்லை.

அந்தத் தவறு எப்படி வந்திருக்கும் என்பதற்கு எனக்கு ஒரு ஊகம் உண்டு. இது என் ஊகம் மட்டுமே. அந்தக் காலத்தில் கொழும்பிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பல் போய்ச்சேரப் பல மாதங்கள் ஆகும். ஒரு கூட்டை ஒடித்துப் பெட்டியில் வைத்து அனுப்பினால், அங்கே திறக்கும்போது எந்தப் பச்சை இலையும் சருகாகத்தான் இருக்கும். என் மூன்று நாள் மேசையில் நடந்ததேதான். பார்க்கிறவர் காய்ந்த இலையைப் பார்க்கிறார், காய்ந்த இலை என்று எழுதுகிறார். அவர் கண்ணைக் குறை சொல்ல முடியாது. செடியிலிருந்து பிரித்துக் கொண்டுபோனவர்கள் செய்த வேலை அது.

பென்னன்டுக்குப் பிறகு வந்தவர்கள் மெல்ல மெல்லத் திருத்தினார்கள். அவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஜெர்டான். சென்னை ராணுவத்தில் மருத்துவராக வந்தவர். நெல்லூரில் இருந்தபோது வேட்டைக்காரர்களையும் பறவை பிடிப்பவர்களையும் கேட்டுக் கேட்டுப் பெயர்களையும் பழக்கவழக்கங்களையும் எழுதிக்கொண்டார். 1862-ல் தொடங்கி 1864-க்குள் வெளிவந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' நூலில் பல பறவைகளுக்கு உள்ளூர்ப் பெயர்களும் இருக்கும். உள்ளூர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும் என்று புரிந்துகொண்டவர். அவரும் ஒரு இடத்தில் சறுக்கினார். குருவி நூலைக் கோத்து முடிவில் முடிச்சுப் போடுகிறது என்று எழுதினார்.

இங்கே நான் கொஞ்சம் வாய் திறக்கலாம் என்று நினைக்கிறேன். 34 வருடம் ஒரு நூற்பாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை பார்த்தவன். இழையைப் பிரித்துப் பார்ப்பதுதான் சோறு போட்ட தொழில். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், குஞ்சுகள் பறந்துபோன பிறகு தானாக உதிர்ந்த ஒரு கூட்டை எடுத்து, நூல் எண்ணுகிற மடக்கு லென்ஸில் பார்த்தேன். ஒரு ஓரத்தில் 11 துளை, எதிர் ஓரத்தில் 12. துளைகள் மிகச் சின்னவை, இலை கிழியவில்லை. முடிச்சு ஒன்றுகூட இல்லை. துளை வழியாக இழுத்த பஞ்சின் நுனி, மறுபக்கம் வந்ததும் பிரிந்து புடைத்துக்கொண்டு நிற்கிறது. சட்டைப் பொத்தான் மாதிரி. அந்தப் புடைப்பு துளையை விடப் பெரியது என்பதால் பின்னால் வழுக்கிப் போகாது. பருத்தி இழைக்கு இயற்கையாகவே ஒரு முறுக்கு உண்டு. ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். அந்த முறுக்கை நம்பித்தான் உலகத்து நூற்பாலைகள் எல்லாம் ஓடுகின்றன. குருவியும் அதைத்தான் நம்புகிறது.

நான் பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று ஒரு வாரம் திரிந்தேன். பிறகு பார்த்தால், 1936-லேயே கேசி வுட் என்ற கண் மருத்துவர் அமெரிக்க ஸ்மித்சோனியன் நிறுவன ஆண்டறிக்கையில் தையல்சிட்டுக் கூட்டைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தைப்பது, ஆணி அறைந்தாற்போல் இறுக்குவது, கோத்துக் கட்டுவது என்று வேலையை வகை பிரித்துச் சொன்னார்கள். அறுவை சிகிச்சைத் தையல் போட்ட கைக்கு, குருவித் தையலும் புரிந்திருக்கிறது.

இதற்கிடையில் 1894-ல் கிப்ளிங் தன் 'ஜங்கிள் புக்'கில் ஒரு தையல்சிட்டை வைத்தார். பெயர் தர்ஸீ. இந்தியில் தையற்காரர் என்று பொருள். கதையில் அது பாட்டுப் பாடுகிற அசடு. அதன் மனைவிதான் புத்திசாலி. உலகம் முழுக்கக் குழந்தைகள் இந்தக் குருவியைத் தெரிந்துகொண்டது அந்தக் கதையால்தான்.

தமிழில்? நம்மிடம் 'தையல்சிட்டு' என்ற அழகான பெயர் இருந்தது. தைத்த கைகளும் இருந்தன. எங்கள் ஊர்ப் பேச்சில் அது 'தையக்காரக் குருவி'. ஆனால் எப்போது கட்டும், எந்தச் செடியில் கட்டும், எத்தனை நாள் அடைகாக்கும் என்பதெல்லாம் வாய்ப்பேச்சிலேயே நின்றுவிட்டது. திருநெல்வேலியில் 1912-ல் பிறந்த மா. கிருஷ்ணன், எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன், வீட்டைச் சுற்றியுள்ள உயிர்களைப் பற்றி ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதிக் காட்டினார். பேராசிரியர் க. ரத்னம் ஊர் ஊராக வழங்கும் பறவைப் பெயர்களைத் தேடித் தொகுத்தார். இப்படிச் சிலர். அவர்கள் செய்ததைப் பார்க்கும்போது, செய்யாமல் விட்டது எவ்வளவு என்று தெரிகிறது.

பேத்தியின் ஊரில் கொசுகு பிடிப்பானுக்குச் சட்டப் பாதுகாப்பு தேவைப்பட்டது. நம் தையல்சிட்டுக்கு அப்படி ஒன்றும் ஆபத்து இல்லை. ஒரு அகல இலைச் செடியும் கொஞ்சம் பூச்சியும் இருந்தால் போதும், நகரத்து மொட்டை மாடித் தொட்டியில்கூடக் கட்டிவிடும். குறைந்துகொண்டு வருவது அதைப் பற்றிய பேச்சுதான். என் அம்மா போய் 19 வருடம் ஆகிறது. ஆலிலை தைத்த அந்தத் தெருவில் இன்று பிளாஸ்டிக் தடவிய காகித இலைதான். "காஞ்ச இலைய எவடா தைப்பா" என்று ஒரு குழந்தைக்குச் சொல்ல, அந்த வேலை தெரிந்த ஆள் வேண்டும். ஆலிலைத் தையலைப் பார்த்திராத என் பேத்திக்கு நான் என்னதான் எழுதினாலும், அவளுக்குப் போய்ச்சேர்வது கொஞ்சம் உலர்ந்துதான் இருக்கும்.

இருந்தாலும் எழுதினேன். பெயரைத் தமிழில் எழுதி, சொல்லிக் காட்டி ஒலிப்பதிவும் அனுப்பினேன். அந்த மூன்று முட்டை விஷயத்தையும் மறைக்காமல் எழுதினேன். ஒரு நாள் கழித்துப் பதில் வந்தது: "தாத்தா, ஒரு கூடு இங்க அனுப்ப முடியுமா? கிளாஸ்ல காட்டணும்."

முடியாது என்று சொல்லிவிட்டேன். லீவுக்கு வா, செடியிலேயே காட்டுகிறேன் என்றேன். இந்த வருடக் கூடு கிணற்றடியில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது. வாளி எடுக்கப் போகும்போது தெரியாத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறேன். நேற்று உள்ளேயிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. பொரித்துவிட்டது போலிருக்கிறது. இலை பச்சையாகத்தான் இருக்கிறது.

உங்கள் ஊரில் இந்தக் குருவிக்கு வேறு பெயர் உண்டா? வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுவிட்டு எழுதுங்கள். தாமதிக்க வேண்டாம்.